துறைமுகம், விமான நிலையம் வழியாக வரும் வெளிநாட்டுக் கொசுவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பறக்கிற கொசுவைப் பிடிக்கப் பொறிகள் இருக்கின்றன. ஆனால் அதைவிட முக்கியம், அது முட்டையிடும் தண்ணீரைத் தேடுவதுதான் என்பேன்.

பழைய டயர், சிமென்ட் தொட்டி என்று நீர் தேங்கும் இடமெல்லாம் போய், நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் குவளையால் மெதுவாக மொண்டு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புழு நீர்மட்டத்தோடு படுத்தபடி மிதந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் வகை, தலைகீழாகத் தொங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸோ, யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸோ. அப்புறம் அதைக் கொசுவாகும்வரை வளர்த்து, சந்தேகம் இருந்தால் டிஎன்ஏவும் பார்த்து இனத்தை உறுதி செய்வார்கள்.

இதில் தாமதமானால் என்ன ஆகும்? சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்கிற அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியாக் கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா 27 பேருக்கு, 2020-ல் 73,000 பேருக்கும் மேல்!

இலங்கையிலும் இது வந்தது. 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கிய கையோடு, மன்னார்க் கிணறுகளில் இதன் புழுக்கள் கிடைத்தன. உடனே கிணறுகளில் மீன் விட்டார்கள், மருந்து போட்டார்கள். மலேரியா அங்கே மறுபடி வேரூன்றவில்லை.