உடைந்த பானையை ஒட்டினால் போதுமா?

கேள்வி: அகழாய்வில் கிடைக்கும் பானை ஓடுகளைக் கழுவி, நல்ல பசை போட்டு ஒட்டினால் வேலை முடிந்ததுதானே? ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது?

பதில்: ஒட்டுவது பின்னால் வருகிற வேலைங்க. முதலில் உப்பு. பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த ஓடு, நிலத்தடி நீரில் இருந்த உப்பை உறிஞ்சி வைத்திருக்கும். வெளியே எடுத்துக் காய்ந்ததும் அது படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். அதனால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, அதன் மின்கடத்துதிறனை அளந்துகொண்டே இருப்பார்கள், அளவு ஏறாமல் நின்றால்தான் உப்பு போயிற்று என்று அர்த்தம். சரியாகச் சுடாத ஓட்டுக்குத் தண்ணீரே ஆகாது, குழைந்துவிடும். சமைத்த பானையின் உட்புறத்தைத் தேய்க்கவே கூடாது: சுவரில் ஊறிய கொழுப்பை வைத்துத்தான் அதில் என்ன வெந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அப்புறம் பசை. சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து விளிம்பில் மெல்லிசாகத் தடவி, மணல் தட்டில் சாய்த்து நிறுத்தினால் ஓடு தன் எடையிலேயே பொருந்தி நிற்கும். தலைமுடி அளவு விலகினாலும் கடைசித் துண்டு உள்ளே போகாது! தப்பானால் அசிட்டோன் தொட்டுப் பிரித்துவிடலாம், ஐம்பது வருஷம் கழித்து வருகிறவருக்கும் அந்த வசதி வேண்டுமே.

கேள்வி: காணாமல் போன பகுதியை என்ன செய்வார்கள்?

பதில்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து நிரப்பி, பானையின் நிறத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தீட்டுவார்கள். கிட்டே வந்து பார்த்தால் எது பழசு, எது புதுசு என்று தெரிய வேண்டும். தெரியாதபடி மறைப்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். பிளாஸ்டர் படும் விளிம்பில் முன்னதாகவே அதே பிசினை ஒரு பூச்சு பூசிவிட வேண்டும், பிளாஸ்டரிலிருந்தும் ஓட்டுக்குள் உப்பு இறங்கும்.