பிளான் போட்டவரும் குற்றவாளியா? – கேள்வி பதில்

போர்க்காலக் கொலைக்கூடங்களை வடிவமைத்தவர்களின் குற்றப் பொறுப்பு பற்றி வந்த கேள்விகள் இவை. நான் சர்வதேசக் குற்றவியல் சட்டம் கற்பிப்பவன். கட்டடக்கலை என் துறை அல்ல.

சட்ட மாணவி, திருச்சி: கட்டடம் வரைந்ததற்காக யாராவது கூண்டில் நின்றதுண்டா?

உண்டு. 1972 ஜனவரியில் வியன்னாவில் வால்டர் டெஜாகோ, ஃபிரிட்ஸ் எர்ட்ல் என்ற இருவர் நின்றார்கள். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில், அதை நடத்திய எஸ்.எஸ். படையின் கட்டடப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். மார்ச்சில் ஜூரி இருவரையும் விடுவித்தது. அந்தப் பிரிவின் தலைவர் கார்ல் பிஷோஃப் 1950இலேயே இறந்துவிட்டார். கடைசிவரை அவர்மேல் வழக்கே இல்லை.

கட்டடப் பொறியாளர், கோவை: ஓனர் கேட்டதை வரைந்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். கத்தி அடித்துக் கொடுத்த கொல்லனையும் தூக்கில் போடுவீர்களா?

இந்தக் கொல்லர் வராத வகுப்பே எனக்கு அமைந்ததில்லை. சரி, பிளானையே பார்ப்போம்.

ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில், பிணங்களை எரித்த இரண்டாம் எரிகூடத்துக்குக் கீழ்த்தளம் உண்டு. முதலில் வரைந்தபோது அது பிணவறை. பிணங்களைக் கீழே இறக்கச் சறுக்குப் பாதை இருந்தது. 1942 டிசம்பர் 19 தேதியிட்ட, டெஜாகோ வரைந்த பிளானில் அந்தச் சறுக்கைக் காணோம். வெளியிலிருந்து கீழே போகப் புதிதாகப் படிக்கட்டு வந்திருக்கிறது. பிணம் படியிறங்கிப் போகாது, உயிரோடிருப்பவர்தான் போவார். பிணவறை விஷவாயு அறையாக மாறிக்கொண்டிருந்தது. உள்பக்கம் திறக்கவேண்டிய கதவும் வெளிப்பக்கம் திறப்பதாக மாறியது. உள்ளே கதவை அடைத்துக்கொண்டு உடல்கள் கிடந்தால் உள்பக்கமாகத் தள்ளித் திறக்க முடியாதல்லவா?

உங்கள் கொல்லர் அடித்தது பொதுவான கத்தி. இவர் கழுத்தின் அளவு கேட்டுச் செய்தவர்.

ஆசிரியர், மதுரை: ஆல்பர்ட் ஷ்பேரும் கட்டடக் கலைஞர்தானே?

ஆமாம், ஹிட்லரின் கட்டடக் கலைஞர். ஆனால் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் அவருக்கு 20 ஆண்டு கிடைத்தது ஆயுத அமைச்சராக அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதற்கு. பிளானுக்கு அல்ல.

வழக்கறிஞர், சென்னை: உடந்தைக்கு அளவுகோல் என்ன?

நல்ல கேள்வி. 1946இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் முகாம்களில் கொல்லப் பயன்பட்ட சைக்ளான் பி என்ற விஷவாயுவை விற்ற கம்பெனிக்காரர்களை விசாரித்தது. முதலாளி புருனோ டெஷ், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கார்ல் வைன்பாகர் இருவருக்கும் தூக்கு. அவர்களிடம் வேலை பார்த்த தொழில்நுட்ப நிபுணர் விடுதலை. வாயு எதற்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினார்களா என்பதுதான் அங்கே கேள்வி. பின்னாளில் வந்த, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தின் 25ஆம் பிரிவு உடந்தைக்கு இன்னொன்றும் கேட்கிறது: குற்றம் நடக்க வசதி செய்யும் நோக்கம்.

அறிவு வேறு, நோக்கம் வேறு. தயவுசெய்து இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள்.

அதே பொறியாளர்: அவர்களுக்குத் தெரியாமலே இருந்திருந்தால்?

அப்படியானால் குற்றமில்லை, அதில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் 1942 ஆகஸ்ட் 21 தேதியிட்ட எர்ட்லின் குறிப்பைப் பாருங்கள். உலை செய்த டாஃப் கம்பெனியின் கூர்ட் ப்ரூஃபருடன் நடந்த பேச்சைப் பதிவு செய்தது. அதில் ‘சிறப்பு நடவடிக்கைகளுக்கான குளியல் கூடங்கள்’ என்று எழுதியிருக்கிறார். குளிப்பதில் என்ன சிறப்பு நடவடிக்கை, அதுவும் பிண உலை செய்பவரோடு பேசி முடிவெடுக்க? ப்ரூஃபர் 1952இல் சோவியத் காவலில் இறந்தார். டாஃப் கம்பெனி முதலாளிகளில் ஒருவர் மேற்கு ஜெர்மனிக்குப் போய் மறுபடியும் உலைக் கம்பெனி தொடங்கினார்.

பெயர் இல்லாதவர்: மேலிட உத்தரவு என்றால்?

நியூரம்பெர்க் சாசனத்தின் 8ஆம் பிரிவு. தண்டனை குறையலாம், குற்றம் போகாது.

மாணவர், சேலம்: அப்போ கத்தி செய்தவர்…

கோவைப் பொறியாளருக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள், தம்பி.

ஓவியர், புதுச்சேரி: முகாமில் கைதியாக இருந்தவரே வரைந்திருந்தால்?

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிரான்ஸ் எர்லிஷ் அப்படி வரைந்தவர். எர்ட்ல் படித்த அதே பாவ்ஹவுஸ் என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர், கம்யூனிஸ்ட். புக்கென்வால்ட் முகாமின் வாயிற்கதவுக்கு ‘ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரியது’ என்ற வாசகத்தை வடிவமைக்கச் சொன்னார்கள். மறுத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லாத நிலை. அவரைக் குற்றவாளி என்று எந்தச் சட்டமும் சொல்லாது. எழுத்துகளை நாஜிகள் வெறுத்த பாவ்ஹவுஸ் பாணியிலேயே அமைத்துக் கொடுத்தார். எஸ்.எஸ். காரர்கள் கண்டுகொள்ளவில்லை. உள்ளே நிற்பவர்கள் படிக்கும்படி பொருத்தப்பட்ட அந்தக் கதவு இன்றும் அங்கே இருக்கிறது.