விதி ஜெயிக்கலாம், கதாசிரியர் ஜெயிக்கக்கூடாது

கேள்வி: இருபது நிமிடக் குறும்படத்துக்குக் கதை எழுதுகிறேன். விபத்தில் இறந்த அப்பாவைக் காப்பாற்ற நாயகன் கடந்த காலத்துக்குப் போகிறான், முடியவில்லை. "அப்படியானால் அவன் போனதே வீண்தானே?" என்கிறார்கள் நண்பர்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: நண்பர்கள் கேட்பது நியாயம். டயர் பஞ்சர், நெரிசல், ஒரு நிமிடத் தாமதம் என்று தடைகளை அடுக்கி அப்பாவைச் சாகவிட்டால், அதில் விதி தெரியாது, எழுதியவரின் கைதான் தெரியும். முதலில் அவன் ஜெயிக்கட்டும்.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற காலப்பயணத் தொடரில் 2005-ல் வந்த 'ஃபாதர்ஸ் டே' அத்தியாயத்தைப் பாருங்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவை இழந்த ரோஸ், அவர் இறந்த 1987-ஆம் ஆண்டு நாளுக்குப் போகிறாள். கல்யாணப் பரிசாக வாங்கிய பூச்சாடியோடு அவர் தெருவில் இறங்க, பாய்ந்துபோய்க் காரிலிருந்து காப்பாற்றியும் விடுகிறாள். அப்புறம்தான் வினை. காலத்தில் விழுந்த காயத்தின் வழியே கொடிய ஜந்துக்கள் நுழைந்து ஆட்களை விழுங்குகின்றன. மிஞ்சியவர்கள் சர்ச்சுக்குள் பதுங்க, மோதியிருக்க வேண்டிய கார் வெளியே தோன்றித் தோன்றி மறைகிறது.

நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது அடுத்து வரும் உரையாடலை. நான் எப்படிப்பட்ட அப்பா என்று அவர் கேட்கிறார். கதை சொல்லித் தூங்கவைப்பீர்கள், பிக்னிக் கூட்டிப் போவீர்கள் என்று மகள் அடுக்குகிறாள். தன் லட்சணம் தெரிந்த மனிதர், அது நானில்லை, நான் அன்றே செத்திருக்க வேண்டியவன், செத்தால்தான் காலத்தின் காயம் ஆறும் என்று புரிந்துகொள்கிறார். பூச்சாடியை எடுத்துக்கொண்டு தானே காருக்கு முன்னால் ஓடுகிறார். முன்பு யாருமில்லாமல் செத்தவர், இப்போது மகள் கையைப் பிடித்திருக்கச் சாகிறார். சாவு மாறவில்லை, செத்த விதம் மாறிவிட்டது. அவள் போனது வீணில்லை.

1967-ல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் எடுத்த வழி இன்னும் கடுமையானது. கடந்த காலத்துக்குப் போன விண்கலக் கேப்டன் கர்க் அங்கே ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவளைச் சாவிலிருந்து காப்பாற்ற ஓடும் தன் கப்பலின் மருத்துவரை, வரலாறு தடம் மாறக்கூடாதென்று அவனே பிடித்து நிறுத்துகிறான்.

உங்களுக்கு ஜந்துக்களும் கிராஃபிக்ஸும் வேண்டாம். அப்பா தப்பியதால் அதே லாரி இன்னொரு வீட்டுப் பிள்ளையை மோதட்டும். அது அப்பாவுக்குத் தெரியவரட்டும். முடிவை அவரே எடுக்கட்டும். "மறுபடி போகவேண்டியதுதானே?" என்ற கேள்வியையும் ஆரம்பத்திலேயே அடைத்துவிடுங்கள். ஒருமுறைதான் போகமுடியும் என்பதை முதல் மூன்று நிமிடத்துக்குள் காட்டிவிட்டால் போதும். கடைசியில் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் படும்.