சக்ஷன் குழாய் உள்ளே போகவில்லை என்றால்

பக்கவாதத்துக்குப் பிறகு கழுத்தில் டிரக்கியாஸ்டமி டியூபோடு (மூச்சுவிடக் கழுத்துத் துளையில் வைக்கும் குழாய்) வீடு திரும்பிய அப்பாவுக்கு இரவில் மூச்சு இரைக்கிறது, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாய் பாதியிலேயே தட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சளி கட்டியாகி டியூப் அடைபடுகிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் அடையாளம். பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள்.

முதலில் டியூபுக்குள் செருகியிருக்கும் உள்குழாயைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அடைப்பு அதிலேயே வந்துவிடும். கழுவி வைத்திருக்கும் மாற்றுக் குழாயைப் போடலாம். எல்லா டியூபிலும் உள்குழாய் இருக்காது, அதை டிஸ்சார்ஜ் செய்த மருத்துவமனையில் இன்றே கேளுங்கள். கழற்றியும் திணறினால் கஃபில் (டியூபைச் சுற்றி உள்ளே உப்பியிருக்கும் சிறு பலூன்) உள்ள காற்றை ஊசி இல்லாத சிரிஞ்சால் இறக்கிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். காலைவரை பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். டியூபே வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்த மருத்துவமனையிலேயே கையால் செய்து காட்டச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சளி ஏன் கட்டியாகிறது? மூச்சு கழுத்து வழியே போவதால் மூக்கு செய்யும் ஈரமாக்கும் வேலை இப்போது நடப்பதில்லை. ஈரப்பதம் காக்கும் எச்எம்இ ஃபில்டர், சலைன் நெபுலைசர் இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். ஃபேனை நேராக முகத்துக்குத் திருப்பாதீர்கள். சக்ஷன் ஒவ்வொரு முறையும் 10 வினாடிக்குள் முடியட்டும்.

தலைமாட்டில் அதே அளவு டியூப் ஒன்றும் ஓர் அளவு சிறியது ஒன்றும் இருக்க வேண்டும். கரண்ட் போனால்? பேட்டரி அல்லது காலால் மிதிக்கும் சக்ஷன் மெஷின் வாங்கிவிடுங்கள்.

பேசுவதற்காக டியூப் வாயில் மாட்டும் வால்வு கொடுத்திருந்தால் கஃப் உப்பியிருக்கும்போது மாட்டவே கூடாது. உள்ளிழுத்த மூச்சு வெளியேற வழியிருக்காது.