இன்டர்வியூ முடிந்த பிறகு எழுதலாமா?

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த கல்லூரியில் நவம்பரில் இன்டர்வியூ நடந்தது. பிப்ரவரி வந்தும் பதில் இல்லை. இன்னும் ஆர்வமாகத்தான் இருக்கிறேன் என்று எழுதலாமா? கெஞ்சுவது போல இருக்கும் என்கிறார் அப்பா. இன்டர்வியூ போன நான்கு இடங்களுக்கும் ‘நீங்கள்தான் என் முதல் விருப்பம்’ என்று எழுதிவிடு என்கிறாள் தோழி.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

அன்புத் தங்கைக்கு,

எழுது. அதற்கு முன், அந்தக் கல்லூரியின் அட்மிஷன் பக்கத்தையும் உனக்கு வந்த மெயில்களையும் இன்னொரு முறை படி. சில இடங்களில் இப்படிக் கடிதம் வந்தால் வாங்கிக்கொள்வார்கள். சில இடங்களில் போர்ட்டலில் மட்டும்தான் ஏற்ற வேண்டும். எதுவும் அனுப்பாதீர்கள் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அங்கே அனுப்பவே அனுப்பாதே.

அப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. சொல்ல விஷயமில்லாமல் எழுதினால் கெஞ்சலாகத்தான் தெரியும். நவம்பருக்குப் பிறகு உன் வாழ்க்கையில் என்ன நடந்தது? புதிய செமஸ்டர் மதிப்பெண், ஆய்வில் ஒரு முன்னேற்றம், கிளினிக்கில் கூடுதலாக ஏற்ற பொறுப்பு என்று எதுவாக இருந்தாலும் அதை முதலில் சொல். அப்புறம் இன்டர்வியூ நாளில் அங்கே நீ நேரில் பார்த்த, கேட்ட ஒன்று. எந்த மாணவர் என்ன சொன்னபோது ‘இங்கேதான் படிக்கணும்’ என்று தோன்றியது? ‘உங்கள் கல்லூரியின் பெருமை’ மாதிரி வரிகளை எல்லாம் அடித்துவிடு. கல்லூரியின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார். வேறு கல்லூரிக்கும் அது பொருந்தினால் கடிதம் இன்னும் தயாராகவில்லை. ஒரு பக்கம் போதும்.

தோழி சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்யாதே. ஆர்வமாக இருக்கிறேன் என்று நான்கு இடங்களுக்கும் எழுதலாம், அது உண்மைதானே. ‘நீங்கள்தான் என் முதல் விருப்பம், இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன்’ என்று எழுதுவது வேறு. அங்கே அதை ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்பார்கள். அது ஒரே ஒரு கல்லூரிக்குத்தான். சட்டப்படி உன்னைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் வாக்கு வாக்குதான். நாளைக்கு நோயாளிகள் உன் வார்த்தையை நம்பித்தான் உட்காரப் போகிறார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வீட்டில் செலவு பற்றிப் பேசி முடிக்காமல் அந்த வாக்கைக் கொடுக்காதே.

நேரமும் முக்கியம். எம்.டி. (அங்கே டாக்டராவதற்கான முதல் மருத்துவப் பட்டமே இதுதான்) தரும் கல்லூரிகள் பொதுவாக அக்டோபர் 15 முதல் இடம் தரத் தொடங்குகின்றன. பல இடங்கள் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15-க்குள் மூன்றாகவும், ஏப்ரல் 30-க்குள் ஒன்றாகவும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அப்போது காலியாகும் இடங்களுக்குத்தான் வெயிட்லிஸ்ட் நகரும். அதனால் இப்போது ஒரு கடிதம். வெயிட்லிஸ்ட் என்று பதில் வந்தால் ஏப்ரலில் இன்னொன்று. நடுவில் வாரா வாரம் மெயில் வேண்டாம்.

கடிதம் மட்டுமே இடம் வாங்கித் தராது, அதையும் சொல்லிவிடுகிறேன். சம தகுதியுள்ள இருவரில் ஒருவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில், நிச்சயம் வருவார் என்று தெரிந்தவர் பக்கம் மனம் சாய வாய்ப்புண்டு. அந்தச் சிறிய வாய்ப்புக்காக ஒரு மாலை உட்கார்ந்து எழுதலாம்.

எழுதி முடித்ததும் முதலில் அப்பாவிடம் கொடு. எந்த வரி கெஞ்சலாகத் தெரிகிறது என்று அவரே கோடு போட்டுக் கொடுக்கட்டும்.

அன்புடன்,
அக்கா