பெரிய இன நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறேன். சரியான கெட்டிக்காரன், குழப்படியும் அதே அளவு, ஆனால் வெளியே போனால் நடுங்குகிறான். இது மாறுமா?

மாறும். ஆனால் ஒரு நாள் விடிய எழும்பி வீரனாக வந்து நிற்பான் என்று காத்திருக்காதீர்கள்.

ஏழு மாதம், வீட்டுக்குள் ரிமோட்டையும் செருப்பையும் வைக்க விடுகிறான் இல்லை, ரோட்டில் மோட்டார் சைக்கிள் வந்தால் உங்கள் காலுக்குள் பூந்து ஒளிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்துவிட்டுச் சிரித்தேன், எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பெயர் பீமன். அல்சேசன், அதாவது ஜேர்மன் செப்பேர்ட், இப்போது 11 மாதம், 30 கிலோவைத் தாண்டிவிட்டான். நாங்கள் இருப்பது முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். வளவுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் காடு. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் கொழும்பு மாடி வீட்டுக்குப் பொருந்தாது, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் படலைக்கு ஒரு கம்பிக் கொழுக்கி. அவனுக்கு ஐந்து மாதம் இருக்கும், ஒரு நாள் காலையில் நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், ஆள் படலைக்கு முன்னால் குந்தியிருந்து கொழுக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு எழும்பி, மூக்கை அடியில் கொடுத்து ஒரே ஒரு தள்ளு. கொழுக்கி கழன்றது. படலை மெல்லத் திறந்தது. ஒழுங்கையில் ஒரு கோழி கூட இல்லை. பீமன் வாசலில் நின்று முன்னங்காலைத் தூக்கினான், வெளியே வைக்கவில்லை, திருப்பி உள்ளேயே வைத்தான். பிறகு என்னைப் பார்த்து ஊளையிடத் தொடங்கினான். நான் போய்ப் படலையைச் சாத்தும்வரை நிறுத்தவில்லை. சாத்தியதும் வாலை ஆட்டிக்கொண்டு போய்ப் படுத்தவன், அடுத்த நாள் காலையிலும் வந்து திறந்தான்.

கெட்டித்தனம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம் என்று நீங்கள் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒன்றுதான் என்று படுகிறது. பக்கத்து வளவில் ஒரு ஊர்நாய் கிடக்கிறது, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் காலடியில் போனாலும் கண் திறக்காது. பீமன் அப்படியில்லை. நேற்றுக் கிணற்றுக்கட்டில் இருந்த வாளி இன்றைக்கு மாமரத்தடியில் இருந்தால் அதைக் கவனிப்பான், நின்று யோசிப்பான், சில வேளை குரைப்பான். எல்லாவற்றையும் கவனிக்கிற மூளைக்குத்தான் கொழுக்கியும் விளங்கும், பயப்படுவதற்குப் புதுப்புதுக் காரணமும் கிடைக்கும். ஆகவே பயத்தைத் தனியாக அடித்துத் துரத்த முடியாது.

பீமன் விசயத்தில் பாதிப் பிழை என்னுடையது. வவுனியாவில் ஒரு வீட்டிலிருந்து எட்டுக் கிழமைக் குட்டியாகக் கொண்டுவந்தோம், கார்த்திகை மழை நேரம். ஊசி முழுக்கப் போட்டு முடியும்வரை, அதாவது 16 கிழமை வரை, பார்வோ என்ற, குட்டிகளைக் கொல்லுகிற வயிற்றோட்ட நோய் வந்துவிடும் என்ற பயத்தில் வளவைவிட்டு வெளியே விடவேயில்லை. பார்வோவுக்குப் பயப்படத்தான் வேண்டும், ஆனால் மூன்று கிழமையிலிருந்து ஏறக்குறைய 14 கிழமை வரைதான் குட்டிக்கு உலகம் பழகுகிற காலம். அந்த நேரத்தில் பார்த்தது, கேட்டது, மணந்தது எல்லாம் பிறகு சாதாரணமாகத் தெரியும், பார்க்காதது எல்லாம் சந்தேகமாகத்தான் தெரியும். நிலத்தில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்தியில் அரை மணித்தியாலம் இருந்திருக்கலாம். எனக்கு அது அப்போது தெரியாது.

தெரியாதவன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. ஊசி முடிந்ததும் நான் ஒரேயடியாகப் பயத்தைத் தெளியவைக்கிறேன் என்று வெளிக்கிட்டு, ஆளை ஆட்டோவில் ஏற்றி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடிக்குக் கொண்டுபோனேன். ஏ9 வீதியால் போகிற ஒவ்வொரு வாகனமும் பிள்ளையாருக்கு நின்றுதான் போகும், உங்களுக்குத் தெரியும்தானே. தேங்காய் உடைக்கிற சத்தம், பஸ் ஹோர்ன், கச்சான் விற்கிறவர்களின் கூப்பாடு. பீமன் நாலு காலையும் ஊன்றிப் பின்னால் இழுத்தான், நான் முன்னால் இழுத்தேன், கழுத்துப்பட்டி தலையால் கழன்று என் கையில் தொங்கியது. அவன் ரோட்டுக்குக் குறுக்கே ஓடினான். ஒரு லொறி பிரேக் அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் தேடி அலைந்த பிறகு பார்த்தால், ஒரு கச்சான் கடைக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் படுத்திருக்கிறான், கடைக்கார அம்மா ஒவ்வொரு கச்சானாக உடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறா. "தம்பி, பிள்ளையை ஏன் இழுக்கிறீர்? அவருக்கு ஏலாதெண்டால் விடுமன்" என்றா. நான் இதுவரைக்கும் கேட்ட நாய்ப் பயிற்சியில் அதுதான் நல்லது.

அன்றைக்குப் பிறகு மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டிதான், கழுத்துப்பட்டியில் இழுப்பது இல்லை. இடத்தைத் தெரிவுசெய்வது நான், தூரத்தைத் தெரிவுசெய்வது அவன். சந்தியிலிருந்து 100 மீற்றர் தள்ளி ஒரு மதகில் போய் இருப்போம். கையில் சின்னச் சின்னக் கருவாட்டுத் துண்டு, உப்பைக் கழுவிக் காயவைத்தது. வாகனம் வந்தால் ஒரு துண்டு, போனால் கையை மூடிவிடுவேன். கருவாட்டை வாங்கித் தின்கிறான் என்றால் அந்தத் தூரம் சரி. மூக்குக்கு முன்னால் நீட்டியும் திரும்பிப் பார்க்காவிட்டால் நாங்கள் கிட்டப் போய்விட்டோம், எழும்பிப் பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. மூன்று மாதத்தில் அந்த 100 மீற்றர் 20 மீற்றர் ஆனது. ஊர்ச்சனம் எல்லாம், மதகில் நாயோடு இருந்து கருவாடு தின்கிற விசரன் என்று என்னைப் பற்றிக் கதைத்ததும் உண்மை.

சத்தம் வேறு சங்கதி. காலபோக நெல் முற்றுகிற நேரம் இரவில் யானை இறங்கும், வயல்காரர் யானைவெடி கொளுத்துவார்கள். முதல் வெடிக்கே பீமன் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பூந்துவிட்டான், கட்டில் கொஞ்சம் எழும்பியது. பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்று பலர் சொன்னார்கள். அது பிழை. பயம் என்பது கூலி கொடுத்து வளர்க்கிற பழக்கம் இல்லை, பக்கத்தில் போய் இருங்கள், கையை வையுங்கள், அவன் விலகிப்போனால் விடுங்கள். பகலில் வெடிச்சத்தத்தைப் போனில் பதிந்து, காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் போட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு ஒரு கருவாடு. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டினோம். வெடி கேட்டால் அம்மாவும் எழும்பி விறாந்தைக்கு வந்து படுத்திருக்கிற ஆட்களை எண்ணுவா. 2009இலிருந்து இருக்கிற பழக்கம், வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. இப்போது பீமனையும் சேர்த்து எண்ணுகிறா.

சரி, குழப்படிக்கு வருவோம். நாலு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கி ஆறு ஏழு மாதத்தில் 42 பல்லும் வந்துவிடும், அதுவரைக்கும் கடிப்பது பல்முரசு ஊறுகிறதால், அதற்குக் கோபித்துப் பிரயோசனம் இல்லை. அதற்குப் பிறகும் கடித்தால் அது தொழில். பீமன் செருப்பைத் தூக்கினால் நாங்கள் பறிக்காமல் தேங்காய்ச் சொட்டுக் கொடுத்து வாங்குவோம். பறித்தால் பொருளைக் காக்கிற கடிநாய் ஆகிவிடும் என்பதால் அப்படிச் செய்தோம், செய்தது சரிதான், ஆனால் ஆள் கணக்குப் போட்டுவிட்டான். பின்னேரம் நாலு மணிக்கு அம்மா தேங்காய் திருவ இருப்பா. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செருப்பு வரும். செருப்புக்குச் சொட்டுக் கிடைத்தால் அடுத்தது அகப்பை. அகப்பைக்கும் கிடைத்தால் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. எங்களை நன்றாகப் பேய்க்காட்டிக்கொண்டிருந்தான். மாற்றியது இப்படித்தான்: களவெடுக்கக்கூடிய சாமானை உயரத்தில் வைத்தோம், தென்னம்பொச்சு ஒன்றை 'அம்மாவிடம் கொண்டுபோ' என்று நாங்களே கொடுத்தனுப்பினோம், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் சொட்டு. இப்போது நாலு மணிக்குப் பொச்சோடு வருகிறான்.

இந்த இனத்துக்கு வேலை வேண்டும். 1899இல் ஜேர்மனியில் ஆடு மேய்க்கிற நாய்களிலிருந்து எடுத்து உருவாக்கிய இனம் இது. முதலாம் உலகப் போரை ஒட்டி ஜேர்மன் என்ற சொல்லைச் சொல்ல இங்கிலாந்துக்காரருக்கு மனம் வராமல் அல்சேசன் என்று மாற்றினார்கள், அந்தப் பெயர்தான் எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. மேய்க்க ஆடு இல்லாவிட்டால் கோழியை மேய்க்கும். பீமன் மாமியின் கோழி எல்லாவற்றையும் வேலி மூலைக்கு ஒதுக்கிவிட்டு, ஒன்றையும் கடிக்காமல், எதிரே படுத்துக் காவல் இருப்பான். "உன்ரை நாய் என்ரை கோழியளை முட்டையிட விடுதில்லை" என்று மாமி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறா.

பக்கத்து வீட்டு அக்கா மிதிவெடி அகற்றுகிற வேலைக்குப் போனவ. அவதான் மூக்குக்கு வேலை கொடுக்கச் சொன்னா. வெடி தேடப் பழக்கிய நாய், மணம் பிடித்தால் தோண்டாமல் அப்படியே இருந்துவிடுமாம், கூலி ஒரு பந்துதானாம். நான் வளவில் கச்சான் கோதுக் குவியலுக்குள், மட்டைக்கு அடியில், சாக்குக்குள் என்று கருவாட்டை ஒளித்துவைப்பேன். 20 நிமிடம் தேடினால் ஒரு மணித்தியாலம் ஓடியதைவிடக் களைக்கிறான். இன்னொன்றும் கண்டேன், தானாகத் தேடி எடுத்த நாளில் ஒழுங்கையில் வால் கொஞ்சம் உயரத்தான் நிற்கும். ஆனால் எங்கள் பக்கம் இருப்பவராக இருந்தால் ஒரு சொல்: காட்டு ஓரத்தில் கட்டவிழ்க்காதீர்கள். மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நாட்டிய இடம் இன்னும் இருக்கிறது, பன்றிக்கு வைக்கிற சுருக்கு எங்கேயும் இருக்கும், புடையன் பாம்பும் இருக்கும்.

உடம்பு விசயம் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய இனத்துக்கு எலும்பு முற்ற ஒன்றரை வருடம் வரை எடுக்கும், அதுவரைக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடுவது, உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து குதிக்கவிடுவது வேண்டாம், இடுப்புப் பொருத்து கெட்டுவிடும். கடையில் கல்சியம் மருந்து வாங்கி நீங்களாகப் பருக்காதீர்கள், பெரிய இனக் குட்டிக்கு அது கூடினாலும் எலும்புக்குக் கேடு, மிருக வைத்தியரைக் கேளுங்கள். அவித்த எலும்பு வேண்டாம், சிம்பாகி உடைந்து குடலில் குத்தும். நடை எல்லாம் விடியவும் பொழுது பட்டும்தான், தார் ரோட்டில் உங்கள் புறங்கை பொறுக்காவிட்டால் அவன் காலும் பொறுக்காது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் உண்ணி பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் நல்ல நாய்களைத் தின்றுவிடும். விசர்நாய் ஊசியைத் தவறவிடாதீர்கள், அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது.

சங்கிலி பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். கட்டி வளர்த்தால்தான் கடிநாயாக வரும் என்பார்கள். வரும்தான். பயந்த நாயைக் கட்டினால் ஓட வழியில்லாமல் கடிக்கும், அதைக் காவல் என்று சொல்ல மாட்டேன்.

எட்டு மாதத்தில் எல்லாம் திரும்பவும் உடைந்ததும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்த வயதில் பழகிய பொருளைக் கண்டும் பயப்படுவார்கள், பெரிய இனங்களில் வழமைதான். கச்சான் தோட்டத்தில் மயிலுக்கு வெருளி கட்டினோம், அப்பாவின் பழைய சேட்டைப் போட்டு. பீமன் கண்டதும் முதுகுமயிர் சிலிர்க்க, பின்னால் போய்ப் போய்க் குரைத்தான். மணம் அப்பா, உருவம் அப்பா இல்லை, அவன் என்னதான் செய்வான்? நான் வெருளிக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவனைப் பார்க்காமல், கச்சான் உடைத்துத் தின்றேன். முதல் நாள் வேலியடியைவிட்டு வரவில்லை. இரண்டாம் நாள் பாதித் தூரம். மூன்றாம் நாள், பின்னங்கால் இரண்டையும் தூரத்தில் ஊன்றிவிட்டு உடம்பை மட்டும் ரப்பர் மாதிரி இழுத்து நீட்டி, சேட்டின் நுனியை மணந்தான். தும்மினான். இன்னும் ஒரு தடவை மணந்துவிட்டு, சுற்றி வந்து, காலைத் தூக்கி வெருளியின் காலில் மூத்திரம் அடித்தான். அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை.

இப்போது காலையில் படலையைத் திறந்தால் தானாகவே மதகடி வரைக்கும் போய் இருந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வருகிறான். பெரிய லொறி என்றால் மட்டும் இன்னும் ஓடிவந்து விறாந்தையில் ஏறுவான். கொழுக்கியை எடுத்துவிட்டுப் பூட்டுப் போட்டிருக்கிறோம். இரண்டு நாளாக, திறப்பை எந்த ஆணியில் கொழுவுகிறோம் என்று ஆள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.