இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றியின் க்ரோட் வெள்ளிக் காசு ஏன் கோணலாக இருக்கிறது? 3.4 கிராம்தான் நிற்கிறது, போலியா?

கோணலை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. இது சம்மட்டியால் அடித்த காசு. அடி அச்சின் கூர்முனையை மரக்கட்டையில் இறக்கி, வெள்ளி வில்லையை அதன்மேல் வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து அடிப்பார்கள். வில்லையைச் சுற்றி வளையம் கிடையாது. வெள்ளி இஷ்டத்துக்குப் பரவும். கை நகர்ந்து இரண்டாம் அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகும். வில்லை மெலிந்த இடத்தில் உருவம் பதியாது.

எடைதான் முக்கியம். க்ரோட் என்பது 4 பென்னி. 1351-இல் 4.67 கிராம்; 1412-இல் 3.89 ஆகக் குறைத்தார்கள், 1464-இல் 3.11. ஆறாம் ஹென்றியின் முதல் ஆட்சிக் (1422–61) காசு 3.89-ஐ ஒட்டி நிற்க வேண்டும். அரை கிராம் குறைந்தால், பெரும்பாலும் யாரோ ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைத் திருடியிருக்கிறார்கள். பின்பக்கம் பாருங்கள்: நீண்ட சிலுவை, சுற்றி இரண்டு வரி எழுத்து. வெளிவரியின் தலை வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உள்வரியில் 'வில்லா காலிசி' என்றிருந்தால் கலே நகரில் அடித்தது. 1347-இல் இங்கிலாந்து பிடித்த பிரெஞ்சுத் துறைமுகம் அது. ஆங்கிலேயக் கம்பளி அங்கே விற்று வந்த வெள்ளிதான் அந்த அச்சாலைக்குத் தீனி. அதனால்தான் கலே காசுகள் இன்றும் ஏராளம்.

ஓரத்தில் சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரிந்தால் வார்ப்புப் போலி. புளி போட்டுத் தேய்க்காதீர்கள், கருமை போனால் மதிப்பும் போகும்.